பச்சைத் தாளும் ரோஸ் தாளும்

போன வாரம் நம் அலுவலகத்தில் எனக்கு விடைகொடுத்தீர்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "மேடம், ஒரு ஆள் முன்னாடி வந்து உட்கார்ந்ததும் இவர் சரிப்படுவாரா மாட்டாரான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. உண்மையான பதிலைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

பதில் இதுதான்: நான் கண்டுபிடித்ததில்லை. இந்தக் காஞ்சிபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தும் எத்தனையோ பேரை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். "இவரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது" என்று நான் பெருமைப்பட்ட நாட்களில்தான் பெரிய தவறுகளைச் செய்திருக்கிறேன். விண்ணப்பத்தை எப்படிப் படிப்பது, இன்டர்வியூவில் என்ன கேட்பது, ஆன்லைனில் எப்படித் தேடுவது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் சொல்ல நினைப்பது என் இரண்டாவது வருஷத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை.

அதற்கு முன்னால், நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதில் நான் பில் போடும் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். நம் முதலாளிக்கு அப்போது அலுவலகத்தில் ஒரு மேஜை உண்டு, டெலிபோன் கிடையாது. தினமும் பூத்துக்கு வந்துதான் கம்பெனிகளுக்குப் பேசுவார். அவரை இன்றைக்கும் எனக்கு 'சார்' என்று சொல்லித்தான் பழக்கம்.

ஒரு நாள் பேசி முடித்துவிட்டு, "நாளைக்குள்ள எட்டு டெய்லருக்கு நான் எங்க போவேன்?" என்று தலையில் கைவைத்து நின்றார்.

"மூணு பேரு எனக்குத் தெரியும் சார்" என்றேன். "நேத்து ஒருத்தரு இங்கிருந்துதான் அவங்க அண்ணனுக்குப் போன் போட்டு, வேலை போயிடுச்சின்னு அழுதாரு."

அந்த மூன்று பேரும் மறுநாள் வேலைக்குப் போனார்கள். செல்போன் வந்து பூத்தில் ஈ ஓட்ட ஆரம்பித்ததும் சார் வந்து கூப்பிட்டார்.

"டைப்பிங் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"பரவால்ல. ஊரு தெரிஞ்சிருக்குது."

அப்படித்தான் நான் ஆள் எடுக்கும் வேலைக்கு வந்தேன். படிப்பைக் கேட்காமல் உள்ளே விட்ட அந்த மனிதருக்கு என் முதல் நன்றி.

முதல் வருஷக் கடைசியில் கௌரி வந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பையிலிருந்து அலுங்காமல் எடுத்தாள்.

"தறியாண்டயே உட்காந்துகினு இருந்தாச்சி மேடம். எனக்கும் பஸ் ஏறிப் போயி வேலை பாக்கணும்னு ஆசையா இருக்குது. பொண்ணுக்கு வேற இளைப்பு. இ.எஸ்.ஐ. கார்டு குடுக்கிற கம்பெனியா பாருங்க."

மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பகல் ஷிப்டில் வேலை வாங்கிக் கொடுத்தேன். இ.எஸ்.ஐ. கார்டு கையில் கிடைத்த அன்று அதை எனக்குக் காட்டுவதற்காகவே பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். அவள் பெயர், வீட்டுக்காரர் பெயர், மகள் பெயர் மூன்றும் அதில் இருந்தன. "பொண்ணை நேத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனேன் மேடம். மருந்து குடுத்தாங்க, ராத்திரி பூரா தூங்கிச்சி" என்றாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

வழக்கமாகக் கேட்பது போல, "வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அவருதான் போன்னு சொன்னாரு" என்றாள். சொல்லிவிட்டு ஒரு கணம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரரே வந்தார். பெயர் ஏகாம்பரம். ஒல்லியான, உயரமான மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். எதைக் கேட்டாலும் சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பத்தொன்பது வருஷமாகப் பட்டு நெய்தவர்.

"தறி நின்னுபோச்சிம்மா. ஒத்த ஆளா நெய்ய முடியல."

அது எனக்குப் புரிந்தது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். இத்தனை வருஷமாகக் கௌரிதான் தள்ளியிருக்கிறாள். அவளை நான் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

"வேற ஆளு வெச்சிக்கலாமேண்ணே?"

"அது சரிப்படாதும்மா."

ஏன் சரிப்படாது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி அது. எனக்கு வேறொரு அவசரம் இருந்தது. அந்த வாரம்தான் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்று எங்களிடம் முதல்முறையாக ஆள் கேட்டிருந்தது. ஒரு காருக்குள் ஓடும் எல்லா ஒயர்களையும் ஒரு நீளப் பலகையின் மேல் வரிசையாகப் படுக்க வைத்து, ஒரே கட்டாகக் கட்டுவார்கள். முப்பது பேர் வேண்டும். முப்பது பேரும் திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்தடுத்து எங்களிடமே ஆள் எடுப்பார்கள். ஒரு ஆள் குறைந்தாலும் சென்னை ஏஜென்சிக்குப் போய்விடுவார்கள்.

ஏகாம்பரத்தின் விரல்களைப் பார்த்தேன். பட்டு இழையைக் கையாண்ட விரலுக்கு ஒயர் எம்மாத்திரம் என்று தோன்றியது. "பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன் சார்" என்று சாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. கண்ணுக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே வேறு நிறப் புள்ளிகளால் ஓர் எண் தெரியும். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்த எண் தெரியாது. ஏகாம்பரம் வரிசையில் நான்காவதாக நின்றார். அவர் முறை வந்ததும் எல்லா எண்களையும் தடங்கல் இல்லாமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்க்கைப் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கடைசியாக ஏகாம்பரம் வீடு. கௌரி காபி போட உள்ளே போனாள். படிவம் இரண்டு தாள்கள், வேலைக்குச் சேர்பவருக்கு வெளிர்பச்சை, அலுவலகத்துக்கு ரோஸ். அவர் இரண்டிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"ரோஸ் தாளை எங்கிட்ட குடுத்துட்டு, பச்சையை நீங்க வெச்சிக்கங்கண்ணே."

அவர் பச்சையைக் கொடுத்தார்.

"இது இல்லண்ணே, இன்னொண்ணு" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் இரண்டையும் கையில் வாங்கி, முன்னும் பின்னுமாகப் பார்த்துவிட்டு மறுபடியும் நீட்டினார். மறுபடியும் பச்சைதான் வந்தது.

அடுக்களை வாசலில் டம்ளர்களோடு வந்த கௌரி, யோசிக்காமல், "கீழ இருக்கிறதுங்க" என்றாள். தினம் பத்து தடவை சொல்லிப் பழகிய குரல் அது. சொல்லி முடித்த பிறகுதான் நான் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைத்தது. டம்ளர்கள் கையிலேயே நின்றுவிட்டன.

பிறகு கௌரிதான் வாயைத் திறந்தாள்.

"அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே செவப்பும் பச்சையும் ஒண்ணுதான் மேடம். எனக்குக் கல்யாணமான மூணாம் நாளு தெரிஞ்சிது. அரக்குக் கரைக்கு நடுவால ஒரு சாண் இலைப்பச்சையில நெய்து வெச்சிருந்தாரு. நான் உட்காந்து அத்தனையும் பிரிச்சேன். அதுக்கு முன்னாடி அவங்க அம்மா எடுத்துக் குடுத்தாங்களாம், அன்னியிலேர்ந்து நூலு எடுத்துக் குடுக்கிறது நானு. வேற ஆளை வெச்சா வெளியில தெரிஞ்சிடும். கலரு தெரியாதவருக்கு எந்த முதலாளி பட்டு குடுப்பான்?"

"அந்தப் புள்ளிப் புத்தகத்துல எல்லாத்தையும் சரியாச் சொன்னீங்களேண்ணே?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "முன்னாடி மூணு பேரு சத்தமாச் சொன்னாங்க. அதே வரிசையில நானும் சொல்லிட்டேன்."

ஒரு சேலைக்கு எத்தனை பூ, எந்த இடத்தில் திருப்பம் என்பதையெல்லாம் மனதிலேயே வைத்து நெய்தவருக்கு அது கஷ்டமில்லை.

கௌரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கம்பெனிக்கு எழுதிடுவீங்களா மேடம்?"

இந்த இடத்தை நான் உங்களிடம் ஒளிக்கக்கூடாது. எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வந்தது. அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்து, அந்தத் தறியை நிறுத்தியதும் நான்தானே என்ற குற்ற உணர்வும் இருந்தது. அதே நேரத்தில், இவர் போனால் இருபத்தொன்பதுதான் என்று ஒரு கணக்கும் ஓடியது. எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. வெளியில் வந்தது இதுதான்:

"நான் எதையும் பாக்கல. காலையில ஆறு மணிக்கு பஸ்ஸு. சீக்கிரம் வந்துடுங்கண்ணே."

நான் பெரிய புண்ணியம் செய்துவிட்டது போல நடந்து வந்தேன்.

திங்கட்கிழமை முப்பது பேரும் பஸ் ஏறினார்கள். சார் எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் பஸ் நிறுத்தத்தில் வருகையைக் குறிக்கப் போவேன். ஏகாம்பரம் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏறுவார். ஏதோ சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கக் கம்பெனிக்குப் போனேன். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஒரு பெண் இருந்தார். இருபத்தாறு வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயது சின்னவர். திண்டுக்கல் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு அந்த வேலைக்கு வந்திருந்தார். என்னை உள்ளே அழைத்துப்போய்ப் பலகைகளைக் காட்டினார். அத்தனை நிற ஒயர்களையும் அன்றுதான் நான் நேரில் பார்க்கிறேன். உடனே ஏகாம்பரத்தைத் தேடினேன்.

ஏகாம்பரம் ஒரு பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வரிசையாக வைத்திருந்த தட்டுகளிலிருந்து ஒயர்களை எடுத்து வேகமாகப் படுக்க வைத்தார். அவருக்கு அடுத்து அதே பலகையில் ஒரு பெண். எங்கள் முப்பது பேரில் ஒருத்தி, கூரம் கிராமத்திலிருந்து வரும் கற்பகம். அவள் கண் வீங்கிச் சிவந்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன?"

"நேத்து ரெண்டு கட்டுல ஒயர் மாறியிருந்துச்சு மேடம். பழுப்பு போற எடத்துல பச்சை. நல்லவேளை, டெஸ்டிங்ல மாட்டிருச்சு. அவ போட்டதுதான்னு வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னொரு தடவை வந்தா அனுப்பிருவாங்க. நான் போடலைன்னு ஒரே அழுகை."

"மாறினா என்ன ஆகும்?"

"இது பின்னாடி பிரேக் லைட்டுக்குப் போறது. டெஸ்டிங்ல தவறிப்போச்சுன்னு வைங்க, பிரேக் புடிக்கிறது பின்னால வர்றவனுக்குத் தெரியாது."

அவர் என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கேட் வரைக்கும் நாற்பது தப்படிதான். அந்த நாற்பது தப்படியைக் கடந்துவிட்டால் எங்கள் ஆர்டர் நிலைக்கும், ஏகாம்பரம் வேலை நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும். கூரத்துப் பெண் ஒருத்தி மட்டும் போய்விடுவாள்.

கற்பகம் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஒயரை எடுத்தாள்.

"அது அந்தப் பொண்ணு போட்டது இல்ல" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாள், தறி, புள்ளிப் புத்தகம், எனக்குத் தெரிந்தே அனுப்பியது வரைக்கும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் திரும்பி நடந்தார். ஏகாம்பரத்தின் தோளைத் தொட்டு, "அண்ணே, கிளிப் பிரிக்க ஆள் இல்ல, கொஞ்சம் அங்க வாங்க" என்று அழைத்துப்போய் வேறு மேஜையில் உட்கார வைத்தார். அங்கே எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள். அந்த வாரம் அந்தப் பலகையில் கட்டிய எதுவும் வெளியே போகக்கூடாது, எல்லாவற்றையும் மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டும் என்று ஆளிடம் சொன்னார். இவ்வளவும் இரண்டு நிமிஷத்துக்குள். அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

"எங்கிட்ட சொல்லப்போறீங்கன்னு அவருக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்ப போய்ச் சொல்லுங்க. மூணு மணிக்கு டீ. அவரே வந்து சொன்னா அது ஒரு மாதிரி, நான் கண்டுபிடிச்சேன்னு ஆனா அது வேற மாதிரி. மூணேகாலுக்கு நான் மேனேஜர்கிட்ட போகணும். அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆபத்தை உடனே நிறுத்தினார், மனிதனுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த எல்லாமே அந்த இளம்பெண்ணைப் பார்த்துச் செய்ததுதான்.

கேன்டீனில் ஏகாம்பரம் டீயோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, நான் சொல்லிட்டேன். நேத்து ரெண்டு கட்டுல ஒயர் மாறிப்போச்சி. அந்தக் கற்பகத்துக்கு லெட்டர் குடுத்திருக்காங்க."

"அந்தப் பொண்ணு மேலயா போட்டாங்க?"

"ஆமாண்ணே."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். தன் வேலை என்ன ஆகும் என்று கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நேராகப் பொறுப்பாளரிடம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"அந்த ரெண்டும் என்னுதும்மா. நேத்து காலையில தட்டுங்களைத் தொடைச்சிட்டு எடம் மாத்தி வெச்சிட்டாங்க. நான் எடத்தை வெச்சித்தான் எடுத்துகினு இருந்தேன். எனக்குக் கலரு தெரியாது. அந்தப் பொண்ணு லெட்டரைக் கிழிச்சிடுங்க."

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்த விஷயம், ஐம்பது பேருக்கு நடுவில், ஒரு நிமிஷத்தில் வெளியில் வந்துவிட்டது.

மேனேஜர் கற்பகத்தின் கடிதத்தை அப்போதே ரத்து செய்தார். ஏகாம்பரத்தின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். எங்களிடம் இனிமேல் ஆள் எடுப்பதைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

நானும் ஏகாம்பரமும் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "வீட்டுல நான் வந்து சொல்லட்டுமாண்ணே?" என்றேன்.

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்." சற்று நின்றார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் வெளியாளுகிட்ட சொன்னேம்மா."

"எப்பிடி இருக்குது?"

அவர் யோசித்தார். "பசிக்குது" என்றார். முதன்முறையாகச் சிரித்தார். எதிரிலிருந்த ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அவர் ஆறு சாப்பிட்டார்.

சாரிடம் போய்ச் சொன்னது அடுத்த கஷ்டம். முழுவதையும் நின்றுகொண்டே சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சார்."

"அப்பவே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, நான் இருபத்தொம்போது பேரோட போய் நின்னிருப்பேன். அவ்ளோதாம்மா. ஒரு ஆளு கொறைஞ்சிதுன்னு திட்டு வாங்கியிருப்பேன். எனக்கென்ன, திட்டு வாங்கிப் பழக்கம் இல்லியா?"

நான் அழுதுவிட்டேன். அவர் போனை எடுத்து, என் முன்னாலேயே அந்த மேனேஜரைக் கூப்பிட்டார். "தப்பு எங்க ஆபீசோடது. அந்த ஆளு மேல கோவப்படாதீங்க" என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை.

மூன்று மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. சார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏகாம்பரத்துக்கு இடம் தேடுவது மட்டும் என் வேலை என்று சொல்லிவிட்டார். நான் பல படிகள் ஏறி இறங்கினேன். இந்த முறை ஒவ்வொரு இடத்திலும் முதல் வாக்கியமாகவே அவருக்கு நிறம் தெரியாது என்பதைச் சொன்னேன், அவர் சம்மதத்தோடு. பல பேர் அதற்கு மேல் கேட்கவில்லை.

கௌரி மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

அப்போதுதான் அந்தப் பொறுப்பாளர் போன் செய்தார். ஒயரின் நுனியில் ஒரு சின்ன உலோக முனையை இயந்திரம் கடித்துப் பொருத்தும். அது சரியாகக் கடித்திருக்கிறதா என்று கையால் தடவி, இழுத்துப் பார்த்துப் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு நிறம் தேவையில்லை. மேனேஜரிடம் அவர் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் மேனேஜர், "நூறு துண்டுல கெட்டதைக் கலந்து வைக்கிறேன், பிரிக்கட்டும் பாப்போம்" என்று இறங்கி வந்திருக்கிறார்.

ஏகாம்பரம் போனார். கலந்து வைத்த கெட்ட துண்டுகளில் ஒன்றைத் தவறவிட்டார். அதே நூறை ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் மூன்றைத் தவறவிட்டார்.

ஏகாம்பரத்தின் கோப்பில், 'நிறம் பிரித்தறிய இயலாதவர், இந்தப் பிரிவில் மட்டும் பணி' என்று மேனேஜரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறார், இப்போது அந்தப் பிரிவுக்கு அவர்தான் மூத்தவர். அவர் சேர்ந்த வாரம் கௌரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். என் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "மேடம், இப்பல்லாம் மார்க்கெட்டுல அவரே கூச்சமில்லாம கேக்குறாரு, இது பழுத்ததா காயான்னு" என்றாள்.

அந்தப் பொறுப்பாளர் கொஞ்ச நாளில் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் அவருக்குச் சரியாக நன்றி சொல்லவே இல்லை. தெரிந்தவர்கள் மூலம் தேடியும் பார்த்தேன், கிடைக்கவில்லை. இதை எங்காவது படித்தால் அவருக்குப் புரியும்.

அந்த வருஷக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம், ஏகாம்பரம் ஒருவரை அழைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். எனக்கு முகம் தெரியும். அதற்கு முன்னால் மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் விண்ணப்பத்தை வாங்கி, "வீட்டுக்குப் போயி எழுதிகினு வர்றேன்" என்று எடுத்துப் போனவர். நிதானமில்லாதவர் என்று நான் மனதுக்குள் ஓரம் கட்டி வைத்திருந்தேன்.

அவர் நாற்காலியின் பின்னால் நின்றார், உட்காரவில்லை.

"நீயே சொல்லுப்பா" என்றார் ஏகாம்பரம். "என் விஷயத்தையே சொல்லிட்டேன், வேலையிலதானே இருக்கிறேன்."

அந்த மனிதர் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார்.

நான் விண்ணப்பத்தை மேஜைக்குள் வைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"உட்காருங்கண்ணே" என்றேன். "என்னென்ன தெரியும், அதைச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்.